புஜ்ஜியின் முகவரி

கிறிஸ்துராஜுக்கு முப்பத்துநாலு வயது, முன்வழுக்கை, அம்பத்தூர் எஸ்டேட்டில் புரோக்ராம் எழுதும் வேலை. ஆனாலும் மனைவி தெரசாவுக்கு அவன் புஜ்ஜிதான். அந்தப் பெயர் வாசற்படி தாண்டினால் மானம் கப்பலேறிவிடும் என்று கட்டிக்காத்து வந்தான்.

தொண்ணூற்றேழு மே மாதம், அதே பெயர் பட்டாபிராமில் ஒரு தொழிற்சாலைக் கம்ப்யூட்டரில் அவனைப் பார்த்துப் பல்லிளித்தது.

அங்கே குவார்ட்டர்ஸ் ஒதுக்கும் பட்டியல் அவன் எழுதிய புரோக்ராமில்தான் ஓடியது. மூன்று பேர் வரிசை தாண்டி மேலே ஏறியிருந்தார்கள். திருத்தமெல்லாம் ஆபரேட்டர் சுசீலாவின் பெயரில் பதிவாகியிருந்ததால் அவள்மேல் விசாரணை; புரோக்ராமைச் சோதித்துச் சொல்ல அவனை வரவழைத்திருந்தார்கள். வேலை போனால் அவள் குடியிருக்கும் குவார்ட்டர்ஸும் போகும்.

"புரோக்ராம் நல்லா கீதுன்னு சொல்லிட்டு வந்துகினே இரு நைனா," என்று சொல்லி அனுப்பியிருந்தார் அவன் முதலாளி பக்தவத்சலம்.

நல்லா இல்லை. தனக்கு வேண்டிய துணைக் கோப்பை எங்கே தேடுவது என்ற முகவரி புரோக்ராமுக்குள்ளேயே பதிந்திருக்கும். சோதனைக்காக, தற்காலிகக் கோப்புகள் கிடக்கும் 'டெம்ப்' பகுதியில் 'புஜ்ஜி' என்றொரு ஃபோல்டர் போட்டிருந்தவன், அந்த முகவரியை மாற்றாமல் அப்படியே மூட்டை கட்டி அனுப்பிவிட்டான். டெம்ப் என்பது தெருக் குழாயடி மாதிரி. யார் வேண்டுமானாலும் குடம் வைக்கலாம். யாரோ புரோக்ராமைக் குடைந்து முகவரியைப் படித்து, அதே பெயரில் ஃபோல்டர் திறந்து, போலிக் கோப்பு ஒன்றை வைத்திருந்தான். சுசீலா புரோக்ராமை ஓட்டும்போதெல்லாம் அது அவள் பெயரில் பட்டியலைத் திருத்தியது.

போலியைக் கண்டதும் கிறிஸ்துராஜ் செய்த வீரச்செயல், டீ குடிக்கப் போனது. ஒரு டீயில் தப்பை ஒப்புக்கொள்ளும் தைரியம் வரவில்லை. இரண்டாவதை வாங்கினான். பாதியில் கடை ஃபேன் நின்றது. கரண்ட் போய்விட்டது.

ஓடி வந்தான். யூபிஎஸ் செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மெஷின் மறுபடி உயிர் பெற்றபோது டெம்ப், கழுவிக் கவிழ்த்த தட்டாக இருந்தது. கிளம்பும்போதெல்லாம் அதைக் காலிசெய்வது மெஷினின் வழக்கம். அவனுக்குத் தெரியாததில்லை.

மிஞ்சியது புரோக்ராமுக்குள் இருந்த முகவரி மட்டும். விசாரணை அதிகாரி சண்முகசுந்தரத்துக்கு அதைத் திரையில் காட்டினான்.

"யாருய்யா இந்தப் புஜ்ஜி?"

"நான்தான் சார்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"கதவு தொறந்து கெடந்துச்சுங்கிறே, சரி. திருடன் வந்ததுக்கு சாட்சி?"

"இருந்துச்சு சார்."

"இருந்துச்சுன்னு நான் எழுத முடியாதுப்பா." ஃபைலைக் கட்டினார்.

தன் மேஜையருகே நின்றிருந்த சுசீலா முதல்முறையாக வாயைத் திறந்தாள். "டீக்குப் போறதுக்கு முன்னாடியே பாத்துட்டீங்களா சார்?"

ஆமென்று அவன் தலையசைத்தான்.

அவள் மேஜை இழுப்பறையைத் திறந்து, டிபன் பாக்ஸையும் சீப்பையும் எடுத்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள்.