தூசி இல்லாத துரு

8 ஜூலை 2024, திங்கள்

நேற்றைய குறிப்பில் ஒரு தவறு. "புதிய கிராபிக்ஸ் கார்டு வந்து சேர்ந்தது" என்று எழுதியிருக்கிறேன். வந்து சேர்ந்தது சரி. "புதிய" என்று எழுதியதுதான் தவறு. ஹஸீபா கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள், அவளுடைய அண்ணன், அவள் காக்கா என்று கூப்பிடும் ஷமீர், ஷார்ஜாவிலிருந்து வாங்கி வந்தது என்றாள், நானும் எழுதிவிட்டேன். கையில் எடுத்துத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்காததை எழுதக் கூடாது என்று கம்ப்யூட்டர் ஹார்டுவேர் மாலை வகுப்பில் சேர்ந்த முதல் நாளே சுயம்பு சார் சொல்லியிருக்கிறார். அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.

இன்று ஜெராக்ஸ் கடை வேலை முடிந்து வந்ததும் கார்டை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். கம்ப்யூட்டர் கேபினெட்டின் பின்பக்கத்தில் திருகி நிறுத்துவதற்காக அதன் முனையில் ஓர் இரும்புத் தகடு உண்டு. அந்தத் தகட்டில் துரு. கடையிலிருந்து புதிதாக வாங்கிய சாமானில் துரு இருக்காது. பெட்டியும் இல்லை. துண்டில் சுற்றித்தான் வந்தது. துண்டை முகர்ந்தேன், அத்தர் வாசனை. அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. ஆனால் அம்மா நெத்திலி காயப்போடுகிறவள். எங்கள் வீட்டில் எதை முகர்ந்தாலும் கடைசியில் கருவாட்டில்தான் போய் நிற்கும். அதனால் மூக்கை நான் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை.

இந்தக் கம்ப்யூட்டர் எங்களுக்கு வந்த முதல் ஆர்டர். எங்களுக்கு என்றால் எனக்கும் ஹஸீபாவுக்கும். கேட்டவர் ஜான்ரோஸ் அண்ணன். இரண்டு தெரு தள்ளி வீடு; சரக்குக் கப்பலில் எஞ்சின் ரூம் வேலை. மாதக்கணக்கில் கடலில் இருக்கும்போது கேபினில் வைத்து கேம் விளையாட வேண்டும். டிராலி பையில் துணிகளுக்கு நடுவே அடங்க வேண்டும். நாற்பத்தைந்தாயிரத்தைத் தாண்டக் கூடாது. மூன்றையும் சேர்த்துச் சொன்னால் கடைக்காரர்கள் சிரிப்பார்கள், நாங்கள் சிரிக்கவில்லை. பிராசஸரையும் மதர்போர்டையும் நாகர்கோவிலில் பழையதாக வாங்கி, பழையது என்று அவரிடம் சொல்லியும்விட்டோம். "கார்டு மட்டும் புதுசு வேணும்" என்றார். அத்தனை சின்ன கேபினெட்டில் ஒற்றை விசிறி வைத்த குட்டைக் கார்டுதான் நுழையும். இங்கே அதற்கு விலை கூடுதல். பக்ரீத் பெருநாளுக்கு லீவில் வரும் காக்காவிடம் சொல்லிவிடலாம் என்றது ஹஸீபாதான்.

இப்போது என் நிலை இது. காக்கா பழைய கார்டைக் கொடுத்துப் புதியது என்று சொல்லியிருந்தால், அதையே நானும் ஜான்ரோஸ் அண்ணனிடம் சொல்லி விற்க வேண்டும். காக்காவைப் பற்றி வாய் திறந்தால் ஹஸீபா போய்விடுவாள். அவள் இல்லாமல் எனக்கு இந்த வேலை வராது. நான் திருகாணிகளை எண்ணி வைப்பேன். தைரியமாகத் திருகுகிறவள் அவள்.

9 ஜூலை, செவ்வாய்

வகுப்பில் கார்டைப் பூட்டி ஓட்டிப் பார்த்தோம். கேபினெட் மூடியபடியே, கனமான ஒரு கார் பந்தய கேம். வெப்பம் அறுபத்தெட்டு டிகிரியைத் தாண்டவில்லை. படம் எங்கும் திக்கவில்லை. ஹஸீபா இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தானே கப்பலில் ஏறிவிட்டதுபோல் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் கார்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். ஓடிய கார்டு என்றால் விசிறிக்கு அடியில் அலுமினிய மடிப்புகளின் இடுக்கில் தூசி கம்பளம்போல் படிந்திருக்கும். இதில் ஒரு பொட்டு இல்லை. துரு இருக்கிறது, தூசி இல்லை. இது கார்டுக்குச் சாதகமான விஷயம் என்று எனக்கே தெரிந்தது. ஆனாலும் உடனே தோன்றியது வேறு: யாரோ நன்றாகச் சுத்தம் செய்து அனுப்பியிருக்கிறார்கள்.

இன்னொன்று. துரு தகடு முழுவதும் இல்லை. கீழ்முனையிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் வரை இருக்கிறது. அங்கே ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி ஒரு கோட்டில் நின்றுவிடுகிறது. அதற்கு மேலே பளபளப்பு. துரு அப்படிக் கோடு போட்டு நிற்காது. இதற்கும் எனக்கு விளக்கம் கிடைத்தது. மேலே தேய்த்திருக்கிறார்கள், கீழே தேய்க்க நேரம் கிடைக்கவில்லை.

ஹஸீபா திரும்பி வந்ததும் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"ஏட்டி, இதுக்க பெட்டி எங்க?"

"எந்தப் பெட்டி?"

"கார்டு வச்சிருந்த பெட்டி."

"பெட்டியோட கொண்டு வந்தா பாதி சூட்கேஸ் போயிரும். காக்கா அங்கேயே பிரிச்சுப் போட்டாவ. ஏன், பெட்டிய வச்சு நீ கோழி அடைக்கப் போறியா?"

"ஜான்ரோஸ் அண்ணன் கேட்டா காட்டலாம்னு."

"அவரு கேட்டாரா?"

"கேட்டா..."

"அவரு கேக்கல. கேக்கது நீதான்" என்றாள். பிறகு திருகாணியை எடுக்கக் குனிந்தாள்.

வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தபோது ஜான்ரோஸ் அண்ணன் போன் செய்தார்.

"மக்கா, நம்ம சாமான் ஓடுதா, நிக்குதா?"

"ஓடுது அண்ணே."

"கார்டு புதுசுதானே? எங்க கப்பல்ல ஒருத்தன் மும்பைல புது ஹெட்போன் வாங்கினான். காதுல மாட்டினா வேற எவனோ தேச்ச தலையெண்ண மணக்குது. அதுல இருந்து எனக்கு எதுலயும் நம்பிக்க இல்ல."

"பாத்துட்டிருக்கேன் அண்ணே."

"என்னத்தப் பாத்துட்டிருக்க? ஒண்ணு புதுசு, இல்லன்னா பழசு. நடுவுல என்ன கெடக்கு? செரி, சனிக்கிழம வாரேன்."

10 ஜூலை, புதன்

செய்திருக்கக் கூடாத ஒன்றைச் செய்தேன்.

வகுப்பு தொடங்குவதற்கு முன் துருவின் போட்டோவை சுயம்பு சாரிடம் காட்டினேன். யாருடையது என்று சொல்லவில்லை. பொதுவான சந்தேகம் என்றுதான் சொன்னேன். சார் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"உப்புக்காத்து பட்ட சாமான் இது. கடக்கரை ஓரமா எங்கயோ கொஞ்ச நாள் ஓடியிருக்கும்."

"அப்போ புதுசு இல்லியா சார்?"

"புதுசு எப்படிம்மா துருப்பிடிக்கும்?"

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் நாங்கள் இருவரும் என்ன கட்டுகிறோம், கார்டு யார் வழியாக வந்தது என்பது வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். ஹஸீபா உள்ளே நுழைந்ததும் சார் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டார்.

"என்ன ஹஸீபா, உங்க காக்கா எத்தன மாசம் கேம் ஓட்டிட்டு இந்தக் கார்ட உங்க தலையில கட்டினாரு?"

எல்லாரும் சிரித்தார்கள். பின்பெஞ்சு சுதன், "லீவுக்கு வரும்போது பழச இங்க தள்ளிட்டு, அங்க போய்ப் புதுசு வாங்குவாவ சார்" என்றான். மறுபடியும் சிரிப்பு.

ஹஸீபா சாரைப் பார்க்கவில்லை. சுதனையும் பார்க்கவில்லை. சாரின் கையிலிருந்த என் போனைப் பார்த்தாள். படத்தின் ஓரத்தில் எங்கள் வீட்டு மேசை விரிப்பின் சிவப்புப் பூ ஒன்று தெரிந்தது. அந்த மேசையில் அவள் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறாள்.

"பெட்டி கேட்டது இதுக்குத்தானா?" என்றாள்.

அவளே தொடர்ந்தாள். "என்கிட்ட கேட்டிருக்கலாம் ஜின்சி. நானே காக்காகிட்ட சண்ட போட்டிருப்பேன்."

நாங்கள் இருவரும் சேர்ந்து வாங்கிய காந்த முனை ஸ்க்ரூ டிரைவர் எப்போதும் அவள் பையில்தான் இருக்கும். அதை எடுத்து என் முன்னால் வைத்தாள். படியிறங்கிப் போய்விட்டாள்.

சார், "விளையாட்டுக்குச் சொன்னதுக்கா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

வீட்டில் அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. அவளுக்கு வேறொரு சந்தேகம்.

"ஷமீரு வந்து எவ்வளவு நாளாச்சு? போன தடவ போவும்போது நெத்திலி கட்டிக் குடுத்தேனே, அந்த நீலப் பை இன்னும் வரலியே."

"பைதானே அம்மா."

"ஜிப்பு வச்ச நல்ல பை. குடுத்து விட்ட பைய வெறும் பையா வச்சுக்க மாட்டாவ, எதாவது போட்டுத் திருப்பித் தருவாவ. அவனுக்க உம்மா சபூரா இதெல்லாம் மறக்கிறவ இல்ல. எங்க போச்சுன்னு ஹஸீபாகிட்ட பைய கேளு."

சந்தேகப்படுவது எனக்கு எங்கிருந்து வந்தது என்பது மட்டும் இன்று சந்தேகமில்லாமல் தெரிந்தது.

11 ஜூலை, வியாழன்

மதியம் கடைக்கு ஹஸீபா வந்தாள். நான் ஒருவருடைய ஆதார் அட்டையை மெஷினில் வைத்துக்கொண்டிருந்தேன். நீல நிற ஜிப் பை ஒன்றைக் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"உங்க பை."

"ஹஸீபா..."

"உம்மா கழுவிக் காயவச்சு, பேரீச்சம்பழம் போட்டுத் தரணும்னு எடுத்து வச்சிருந்தா. நான் கழுவ விடல. காக்கா இதுலதான் கார்ட கொண்டு வந்தாவ. அத வச்சிருந்த கவரும் உள்ள கெடக்கு. பெட்டி கேட்டியே, பெட்டி இல்ல. இத வச்சு விசாரிச்சுக்க."

"நான் காக்காவ ஒண்ணும் சொல்லலட்டி."

"சொல்லல. போட்டோ எடுத்த."

"காக்காக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா உங்க அம்மைக்க நெத்திலிய இனி எப்படித் திம்பாவ?"

ஆதார்காரர், "ரெண்டு பக்கமும் வேணும் பிள்ள" என்றார். இரண்டாம் பக்கத்தை எடுத்து முடித்து நான் நிமிர்ந்தபோது அவள் போய்விட்டிருந்தாள்.

பையை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துத் திறந்தேன். மூக்கைச் சாட்சியாக எடுக்க மாட்டேன் என்று எழுதியிருந்தேன். இந்த முறை மூக்கே முந்திக்கொண்டது. அத்தர், சோப்பு, அடியில் கருவாடு. கையை விட்டுத் தடவினேன். அடித்தையலின் மடிப்பில் உப்பு ஈரமாகப் பிசுபிசுத்தது. இரண்டு மூன்று நெத்திலித் தலைகள் இருந்தன. அதற்கு மேலே, கார்டோடு கடையில் தரும் வெள்ளி நிறக் கவர். அதன் ஒரு மூலை கிழிந்திருந்தது.

கார்டை எடுத்து அந்தக் கவருக்குள் போட்டேன். தகட்டின் கீழ்முனை கிழிசல் வழியாக வெளியே வந்து நின்றது. கவரின் விளிம்பு எங்கே முடிந்ததோ அங்கேதான் துருவும் நின்றது. வெளியே நீட்டிய பாகம் இரண்டு சென்டிமீட்டர். உள்ளே இருந்த பாகம் முழுவதும் பளபளப்பு.

காக்கா பெருநாளுக்கு முன்பே வந்துவிட்டார். நேராகத் தேங்காய்ப்பட்டணத்தில் மனைவி வீட்டுக்குப் போய், மழை விடாமல் பெய்த அந்த மூன்று வாரமும் அங்கேதான் இருந்தார். பை அங்கே ஏதோ ஒரு மூலையில் திறக்காமலே கிடந்திருக்க வேண்டும். போன வருஷம் எங்கள் வீட்டிலிருந்து போன உப்பு அடியில் கிடந்து மழைக்காற்றின் ஈரத்தைக் குடித்தது. அந்த ஈரத்தில் தகட்டின் முனை மட்டும் ஊன்றி நின்றிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காக்கா பையோடு வீட்டுக்கு வந்ததும் ஹஸீபா, கவர் கிழிந்திருக்கிறதே என்று நல்ல துண்டாகப் பார்த்துச் சுற்றிக் கொண்டுவந்தாள்.

இதையும் எழுதிவிட வேண்டும். கவரை நேற்று கோபத்தில் அவளே கிழித்து வைத்திருப்பாளோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். உடனே கிழிசலை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். அதன் ஓரத்தில் பழுப்பு நிறக் கறை ஊறிக் காய்ந்திருந்தது. அதை ஒரே நாளில் யாராலும் செய்ய முடியாது. எப்படிச் செய்ய முடியும் என்றும் யோசிக்கத் தொடங்கினேன். பிறகு கவரைக் கீழே வைத்துவிட்டேன்.

அம்மா வந்து பைக்குள் விரலை விட்டு நக்கிப் பார்த்தாள்.

"நம்ம உப்புதான். அவங்க சாமான் எதாச்சும் கெட்டுப்போச்சா?"

"கெடல. கொஞ்சம் துருப்பிடிச்சிருக்கு."

"கருவாடு கெடலல்லா?"

நான் நடந்தது முழுவதையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் அம்மா சிரிக்கவில்லை. "அந்தப் பிள்ள எத்தன நாளு நம்ம வீட்டுச் சோறு தின்னிருக்கு. அவகிட்ட கேக்காம வாத்தியார்ட்ட போய்க் கேட்டியா?" என்றாள். பையை எடுத்துக் கழுவக் கொண்டுபோனாள். நான் வாங்கித் திரும்ப மேசைமேல் வைத்தேன்.

துருவுக்குக் காரணம் எங்கள் உப்பு. தூசி இல்லாததற்குக் காரணம், அது ஓடாத கார்டு. அதை இரண்டாவது நாளே பார்த்தேன். பார்த்ததை நம்பாமல் நினைத்ததை நம்பினேன். ஜான்ரோஸ் அண்ணனிடம் துருவைக் காட்டி, அது எப்படி வந்தது என்று சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். அது சனிக்கிழமை வேலை.

ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பில் அடித்த "புதிய" என்ற சொல்லை மறுபடி எழுதினேன்.

நாளை: கடையில் கேட்டுக்கொண்டு ஐந்து மணிக்கே கிளம்ப வேண்டும். முதலில் ஹஸீபா வீடு. பை, கவர், கார்டு மூன்றையும் எடுத்துப் போக வேண்டும். துருவைத் தேய்க்கக் கூடாது. அவள் பார்க்கும்வரை அப்படியே இருக்கட்டும். ஷமீர் காக்கா இருந்தால் அவரிடமும் நானே சொல்ல வேண்டும். ஆறு மணி வகுப்பில், சார் கேட்ட இடத்திலேயே நின்று, சுதனுக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். அவள் என்னோடு வந்தாலும் வராவிட்டாலும். ஸ்க்ரூ டிரைவரை அவளிடம் கொடுக்க வேண்டும்.