லாசரின் துப்பாக்கிக்குக் கிடைத்த மருத்துவச் சான்றிதழ்

லாசர் இறந்த ஒன்பதாம் நாளிலிருந்து, மார்க்ஸ் டோர்மோய் தெரு மாடிவீட்டின் அலமாரியில் இருந்த அவருடைய வேட்டைத் துப்பாக்கி, மதியம் இரண்டரையிலிருந்து நான்குவரை குறட்டை விட்டது. அவருடைய குறட்டையேதான்: மூன்று இழுப்பு, பயப்படவைக்கும் ஒரு நிறுத்தம், பிறகு குழம்பு கொதிப்பதுபோல ஒரு முடிவு. முப்பத்தெட்டு வருடம் அதைத் திட்டிய மனைவி மர்கரீத், அலமாரிக் கதவைத் தட்டி, “ஒருக்களிச்சுப் படுங்க” என்றாள். சத்தம் குறைந்தது. பிறகுதான் அவளுக்கும் தூக்கம் வந்தது.

லாசர் புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுத் தபால்துறையில் ஓய்வு பெற்றவர். நண்பர்களோடு ஞாயிறுகளில் வேட்டைக்குப் போய், ஒரு முயலைக்கூட நோகடிக்காமல், வயிறு நிறையச் சாப்பிட்டுத் திரும்புவார்.

ஆறு வருடம் இப்படியே போனது. பிறகு புதிய சட்டம் வந்தது. துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லோரும் மருத்துவச் சான்றிதழோடு அதைக் கணினியில் பதிய வேண்டும். பதியாததை அரசு எடுத்துப்போய் உருக்கிவிடும். அந்த வாரம் கட்டடத்தின் நிலவறையிலிருந்து மூன்று பழைய போர்த்துப்பாக்கிகள் தாமாகவே படியேறி வந்து, கடிதப்பெட்டிகளின் கீழே சாய்ந்து நின்றன. யாரும் அவற்றுக்கு உரிமை கோரவில்லை.

கீழ்வீட்டில் இருந்த தவரத்தினம் ‘ரூ காய்’ என்னும் தெருவில் மளிகைக்கடை வைத்திருந்தார். அவர் மேலே ஏறி வந்தார். “அக்கா, அந்தத் துவக்கைக் குடுத்திட்டு நிம்மதியா இருங்கோ. துவக்கு இல்லாத இடம் தேடித்தானே நாங்கள் இஞ்சை வந்தனாங்கள்.”

“அது எங்க வீட்டுக்காரரு தம்பி.”

“ஓம், தெரியும். அண்ணை உயிரோட இருக்கேக்கையே நான் காதுக்குள்ள பஞ்சு வைச்சுத்தான் படுத்தனான்.”

குறட்டை போனால் வீட்டில் தான் மட்டுமே மிஞ்சுவாள் என்பது மர்கரீத்துக்குத் தெரியும். அன்றே கணினி முன் உட்கார்ந்தாள். அந்த வீட்டில் மின்சாரமும் எரிவாயுவும் தொலைபேசியும் இன்னும் லாசர் பெயரிலேயே இருந்தன. பெரும்பாலான புதுச்சேரி வீடுகளைப்போல, எந்தத் தாளும் கணவன் பெயரை விட்டு இறங்கியதில்லை. கை பழகிய பழக்கத்தில் துப்பாக்கிப் பதிவையும் அவர் பெயரிலேயே நிரப்பினாள். கணினி நன்றி சொல்லி, லாசரின் சான்றிதழை முப்பது நாளுக்குள் அனுப்பச் சொன்னது.

துப்பாக்கியைத் தோலுறையில் இட்டு, மதியம் இரண்டே முக்காலுக்கு மருத்துவர் ஒலிவியேயிடம் எடுத்துப்போனாள். லாசரை இருபது வருடம் பார்த்த மருத்துவர் அவர். துப்பாக்கியின் கட்டையில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். மூச்சுக்குழாய் முன்னைவிடத் தேவலை என்றும், சிகரெட்டை விட்டது நல்லது என்றும் சொல்லி, ஆயுதம் வைத்திருக்கத் தடையில்லை என்று எழுதி, தேதியிட்டு, முத்திரை குத்தினார்.

சான்றிதழை அனுப்பிய மூன்றாவது வாரம் காவலர் மாக்சிம் வந்தார். ஒரு பதிவேட்டில் லாசர் இறந்திருந்தார், இன்னொன்றில் ஆரோக்கியமாக இருந்தார். செத்தவர் துப்பாக்கி வைத்திருக்க முடியாது, எடுத்துப்போக வேண்டியதுதான் என்று கையுறையை மாட்டினார். மணி இரண்டரை ஆனது. அலமாரி இழுத்தது, நிறுத்தியது, கொதித்தது.

மாக்சிம் தொப்பியைக் கழற்றி, யார் தூங்குவது என்று தாழ்ந்த குரலில் கேட்டார். கணவர் என்றாள் மர்கரீத். தூங்கும் மனிதரின் அறைக்குள் நுழைந்து அவருடைய பொருளை எடுப்பது முறையல்ல என்பதால் அவர் காத்திருந்தார். காப்பி குடித்தபடி இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். இறப்புச் சான்றிதழ் பழையது. மருத்துவச் சான்றிதழ் புதியது. இரண்டு தாள்கள் முரண்பட்டால் பிந்திய தேதியே செல்லும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கையுறையைக் கழற்றிக் கையெழுத்திட்டு, ஓசைப்படாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

உரிமம் லாசர் பெயருக்குத் தபாலில் வந்தது. மர்கரீத் சாப்பாட்டை முடித்துவிட்டு, அலமாரி முன் நாற்காலி போட்டு, நான்கு பக்கத்தையும் அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். இரண்டாவது பக்கத்திலேயே அவர் தூங்கிவிட்டார்.