குஞ்சம்மாள் டெக்ஸுக்கு ஆபரேஷன்

‘குஞ்சம்மாள் என்பவர் இந்தப் பாலிசியில் இல்லை. நோயாளிக்கு அவர் என்ன உறவு என்பதை உரிய சான்றுடன் தெரிவிக்கவும். பதினைந்தாம் தேதிக்குள் பதில் வராவிட்டால் கிளைம் முடித்து வைக்கப்படும்.’

காப்பீட்டுக் கம்பெனி இங்கிலீஷில் அனுப்பிய கடிதத்தின் சாரம் இவ்வளவுதான். உஷாராணி அதை இரண்டு தரம் படித்தாள். முதல் தரம் சிரிப்பு வந்தது. இரண்டாம் தரம் கடைசி வரியில் கண் நின்றது. அன்றைக்குத் தேதி ஆறு.

குஞ்சம்மாள் அவளுடைய மாமியார். காலமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. இப்போது அந்தப் பெயரில் இருப்பது, குமாரபாளையத்தில் துண்டு வியாபாரம் செய்யும் ‘குஞ்சம்மாள் டெக்ஸ்’ மட்டும்தான். அதன் முதலாளி உஷாராணியின் வீட்டுக்காரர் மருதாசலம்.

“ஏனுங்க, ஆன்லைன்ல பை வாங்குனப்ப கடை பேரையா போட்டீங்க?”

மருதாசலம் மடியில் ஒரு துண்டைப் பரப்பிக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தார். யாருடனோ போனில் நூல் விலை பேசி அப்போதுதான் முடித்திருந்தார். “ஜிஎஸ்டி நம்பர் இருக்குதான்னு கேட்டுது. போட்டேன். போட்டதும் கடை பேரு தானா வந்து உக்காந்துக்குச்சு.”

“உங்க ஒடம்புக்கு வாங்கற சாமானத்துக்குக் கடை நம்பர் எதுக்குங்க?”

“வரி திரும்ப வருமல்லொ. நம்பர் போடாம நான் ஒரு பில்லு வாங்குனதே இல்லை புள்ள. கை தானா போட்டுருச்சு.”

“மூணு பில்லுக்கும் சேத்து வரி எவ்வளவுங்க?”

“தொள்ளாயிரத்து இருவது.”

“பில்லு?”

மருதாசலம் மின்விசிறியைப் பார்த்தார். “பத்தொம்பதாயிரத்துச் சில்லறை.”

தை மாதக் கடைசியில் சேலத்தில் அவருக்குக் குடலில் ஆபரேஷன் நடந்தது. கட்டியை எடுத்தவர்கள் குடலின் முனையை வயிற்றின் இடது பக்கமாக வெளியே கொண்டுவந்து தைத்துவிட்டார்கள். இனி ஆயுளுக்கும் அந்த வழிதான். தோலில் ஒட்டிக்கொள்ள ஒரு பிளேட், அதில் மாட்டிக்கொள்ள ஒரு பை. நர்ஸ் இன்பமேரி பிளேட்டில் அளவாக வட்டம் வெட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு, வீட்டுக்கு அனுப்பும்போது படித்துப் படித்துச் சொன்னார்: “பிளேட்டை நாலு நாளைக்கு மேல விடாதீங்க ஐயா. பசை விட்டுடும், தோலு வெந்துடும்.”

மருதாசலம் அந்த நாலு நாளை, விற்கிறவன் முதலில் சொல்லும் விலையாக எடுத்துக்கொண்டார்.

ஒரு செட் எழுநூறு ரூபாய். மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி என்று ஆன்லைனில் பெட்டி பெட்டியாக வாங்கிக் கட்டிலுக்கடியில் அடுக்கினார். அடுக்கியதோடு சரி. குப்பைக்குப் போகிற சாமானுக்கு எழுநூறா என்று ஒவ்வொரு பிளேட்டையும் ஆறு நாள், ஏழு நாள், ஒரு தடவை ஒன்பது நாள் வரை ஓட்டினார். அந்த ஒன்பதாம் நாள் ஈரோட்டில், ஒரு ஜவுளிக்கடையில் ஆயிரம் டஜன் துண்டுக்கு விலை பேசிக்கொண்டிருந்தபோது பசை விட்டது. நல்லவேளை, சாம்பிள் துண்டுகள் கையில் இருந்தன. அவற்றை வயிற்றோடு அழுத்திக்கொண்டு, எதிராளி கேட்ட விலைக்கே சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். முப்பது வருஷ வியாபாரத்தில் முதல் கேள்விக்கே அவர் தலையாட்டியது அன்றைக்குத்தான். அந்தத் துண்டில் அப்படி என்ன குறை இருக்கிறது என்று அந்தக் கடைக்காரர் இன்னும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.

அதற்குப் பிறகு ஒரு மாதமாக மருதாசலம் வாசலைத் தாண்டவில்லை. வெளியாட்களிடம் அல்சர் ஆபரேஷன் என்று சொல்லியிருந்தது. யார் வந்தாலும் மடியில் துண்டு. அந்தத் துண்டைப் பார்க்கும்போதெல்லாம் உஷாராணிக்கு வேறொரு காலம் ஞாபகம் வரும். கல்யாணமான புதிதில் சேலை எடுக்கப் போனால், மாட்டுச் சந்தையில் தரகர்கள் செய்வது போல, துண்டுக்குள் அவள் விரல்களைப் பிடித்து எத்தனை நூறு வரை கேட்கலாம் என்று சொல்லிவிடுவார். இரண்டு விரல் என்றால் இருநூறு. கடைக்காரனுக்கு ஒன்றும் தெரியாது. அவள் பேசி முடித்துவிடுவாள்.

இப்போது அதே மனிதர் துண்டுக்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலு நாளைக்கு ஒரு தரம் மாற்றினால் பயமில்லாமல் ஊர் சுற்றலாம் என்று அவளும் சொல்லாத நாளில்லை. நச்சரிப்பு தாங்காமல் ஒரு நாள் வாக்குக் கொடுத்தார்: “கம்பெனிக்காரன் அந்தக் காசைக் குடுத்தான்னா நாலு நாளைக்கு ஒண்ணு மாத்திக்கறேன். குடுக்கலைன்னா பேசாத.”

வியாபாரத்தில் கொடுத்த வாக்கை அவர் மாற்றியதில்லை. பத்தொன்பதாயிரம் வராவிட்டால் குடும்பம் ஒன்றும் முழுகிவிடாது. ஆனால் அது வந்தால்தான் மனிதர் வெளியே வருவார். ஒன்றை மட்டும் உஷாராணி அவரிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து தொண்ணூறு நாள் வரைக்கும் வாங்கியதற்குத்தான் பாலிசியில் காசு. அந்தத் தொண்ணூறு போன வாரமே முடிந்துவிட்டது.

மறுநாள் காலை சேலம் அஸ்தம்பட்டியில் காப்பீட்டு ஆபீசில் போய் நின்றாள். கிளைம் பார்க்கிற ஜெஸ்ஸி என்ற பெண் பில்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

“பேஷன்ட் பேருல பில் இருக்கணும் மேடம். இதுல குஞ்சம்மாள் டெக்ஸ்னு இருக்கு. கம்பெனிக்கா ஆபரேஷன் பண்ணாங்க?”

“கம்பெனியே அவருதானுங்க.”

“அதை நீங்க சொல்றீங்க. பேப்பர் சொல்லணும். வித்தவங்ககிட்ட பேரை மாத்திப் புது பில் கேட்டுப் பாருங்க.”

உஷாராணி அங்கேயே நின்று போன் போட்டாள். வரிக்கணக்கு போன மாதமே காட்டியாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்றார்கள். “வேணும்னா இன்னொருக்கா வரி போட்டுக்கங்க, நான் கட்டிக்கறேன்” என்று கூடச் சொல்லிப் பார்த்தாள். அவள் பரம்பரையில் எந்த வாயிலிருந்தும் வராத வார்த்தை அது. அதற்கும் அவர்கள் மசியவில்லை.

ஜெஸ்ஸிக்குக் கொஞ்சம் பாவமாக இருந்திருக்க வேண்டும். “ஒரு வழி இருக்கு. இதெல்லாம் என் சொந்த உடம்புக்கு வாங்கினது, இன்ன ஆபரேஷன், வியாபாரத்துக்கு இல்லை, வரியையும் திரும்ப எடுக்கலைன்னு கடை லெட்டர்பேடுல எழுதி, சார் இங்க வந்து என் முன்னாடி கையெழுத்துப் போடணும். ஆடிட்டர் லெட்டர் ஒண்ணு வேணும். நான் மேல அனுப்பறேன். ஒத்துக்குவாங்கன்னு உறுதி சொல்ல மாட்டேன்.”

ஆடிட்டர் ஆபீஸ் தமிழரசு போனில் நெளிந்தான். “வரியை எடுத்துட்டமே அக்கா. பில்லுல பவுச்சுன்னு இருந்துச்சு, நான் பேக்கிங் மெட்டீரியல்ல போட்டுட்டேன்.”

“துண்டு கட்டி அனுப்பற பையின்னு நெனச்சுட்டியா சாமி?”

“ஆமாங்கக்கா. இத்தன வெலையில பேக்கிங்கான்னு ஒரு நிமிசம் யோசிச்சேன். சரி, எக்ஸ்போர்ட் போல இருக்குதுன்னு உட்டுட்டேன்.”

எடுத்த வரியை வட்டியோடு திருப்பிக் கட்டிவிட்டு லெட்டர் தருவதாகச் சொன்னான். மூன்று நாளில் தந்தும்விட்டான். மருதாசலம்தான் பாக்கி. அவர் லெட்டர்பேடைத் தொடவே இல்லை.

“இது பத்து மேசை போகும். பத்தாவது மேசையில நம்மூர்க்காரன் ஒருத்தன் இருப்பான். குஞ்சம்மாள் டெக்ஸ்காரன் வவுத்துல பை கட்டீட்டுத் திரியறான்னு பொழுதுக்குள்ள பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துரும்.”

“வந்தா வந்துட்டுப் போகுதுங்க.”

“மருத்துவச் சாமான்னு மட்டும் எழுதுனா?”

“ஒத்துக்க மாட்டாங்க.”

“வவுறுங்கற வார்த்தை இல்லாம?”

“விலை பேசற எடமா இது?” உஷாராணிக்குக் கோபம் வந்தது. “சரி உடுங்க. ஆபரேஷன் உங்கம்மாளுக்குத்தான்னு எழுதிக் குடுத்தர்லாம். பில்லும் அவிய பேர்லதான் இருக்குது. அவியளுக்கு இனி என்ன வெக்கம்?”

மருதாசலம் அவளையே பார்த்தார். பிறகு சிரித்தார். சிரித்தால் தையல் போட்ட இடம் இழுக்கும். ஒரு கையால் வயிற்றை அணைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அடங்கியதும், “எத்தனை மணி பஸ்சு?” என்றார்.

போகிற அன்றைக்குத் தேதி பதினான்கு. பிளேட் ஒட்டி ஆறாவது நாள். மாற்றிவிட்டுக் கிளம்பலாம் என்றாள். “இன்னும் காசு வருலியே, வந்தாத்தானே பேச்சு” என்றார். அவள் வாதாடவில்லை. ஒரு பிளேட்டை அளவாக வெட்டி, பை, துடைக்கத் துணி, எல்லாவற்றையும் செய்தித்தாளில் சுற்றித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

சங்ககிரி தாண்டும்போது அவர் முகம் மாறியது.

“அரிக்குது.”

“எறங்கிக்கலாமா?”

“இன்னும் தாங்கும்.”

காப்பீட்டு ஆபீசில் அவர்களுக்கு முன்னால் இரண்டு பேர். முறை வந்ததும் ஜெஸ்ஸி கடிதத்தை வாங்கி, சரிபார்ப்பதற்காக வாய்விட்டே படித்தாள். வயிற்றில் துளை, மலம், பை, பிளேட், எண்ணிக்கை. அவள் குரலில் கூச்சமும் இல்லை, இரக்கமும் இல்லை. லாரிக்கு இன்ஜின் நம்பர் படிப்பது போலப் படித்தாள். பின்னால் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தியது உஷாராணிக்குக் கேட்டது. மருதாசலம் தலை குனிந்து கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்த பேனாவைக் கீழே வைக்கவில்லை. இன்னொரு கை துண்டை வயிற்றோடு அழுத்தியிருந்தது.

ஈரோட்டில் செய்தது போல எழுந்து ஓடிவிடுவார் என்று உஷாராணி நினைத்தாள். கைப்பையைத் திறந்து செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்து மேசை மேல் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“அம்மிணி, இங்க பாத்ரூம் எங்கீங்க?” என்று ஜெஸ்ஸியிடம் கேட்டார். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்தது. “இப்பப் படிச்சீங்களே, அந்தப் பையி. அதை மாத்தோணும். ஒழுகுது.”

ஜெஸ்ஸி எழுந்து ஊழியர்களின் கழிவறையைத் திறந்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரும் வைத்துவிட்டு வந்தாள். பேப்பர்களை ஸ்கேன் செய்து மேலே அனுப்பினாள்.

மருதாசலம் வெளியே வர இருபது நிமிஷம் ஆனது. வந்ததும் காத்திருந்தவர்களில் ஒருவர், வெள்ளை வேட்டிக்காரர், எழுந்து வழி மறித்தார்.

“தப்பா நெனைக்காதீங்க. என்ற பேரு சின்னண்ணன். சங்ககிரியில ரெண்டு லாரி ஓடுது. எங்க மச்சானுக்கும் இதே ஆபரேஷனுங்க. ஆஸ்பத்திரி மெடிக்கல்ல ஒரு செட்டு தொள்ளாயிரம்ங்கறான். நீங்க எங்க வாங்கறீங்க?”

மருதாசலத்தின் முதுகு நிமிர்ந்தது. “தொள்ளாயிரமா? கொள்ளையடிக்கறான். பத்துப் பத்தா ஆன்லைன்ல போடுங்க, எழுநூறுக்குள்ள வந்துரும். அளவு பாத்து வாங்கோணும். மொத ரெண்டு மாசம் வீக்கம் கொறையக் கொறைய அளவு மாறும், அதனால எச்சா வாங்கிப் போடாதீங்க. அப்பறம் இன்னொண்ணு. லாரி ஆபீஸ் ஜிஎஸ்டி நம்பரைப் போட்டுத் தொலைச்சுறாதீங்க. பில்லு உங்க மச்சான் பேர்ல இருக்கோணும்.”

சின்னண்ணன் போனில் குறித்துக்கொண்டார். அதற்குள் ஜெஸ்ஸி கூப்பிட்டாள். மேலே ஒத்துக்கொண்டுவிட்டார்களாம். பத்து நாளில் பணம் வங்கிக்கு வரும், வரித்தொகை தொள்ளாயிரத்து இருபது மட்டும் கழித்து.

“அதை எதுக்குங்க கழிக்கறீங்க? அதான் கவர்மெண்டுக்கே திருப்பிக் கட்டிட்டமே, வட்டி வேற.”

“சார்,” என்றாள் ஜெஸ்ஸி, “மொத்தமும் போயிருக்க வேண்டியது.”

அவர் இன்னொரு தரம் வாயைத் திறந்தார். உஷாராணி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அவரே ஆரம்பித்தார்.

“காசு வருது. சொன்ன சொல்லு சொல்லுதான். ஆனா அது தொண்ணூறு நாளு வரைக்கும் வாங்குனதுக்கு. இனிமே வாங்கறது என்ற காசு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சயா புள்ள? பாலிசியில கையெழுத்துப் போட்டவனே நான்தான்.”

உஷாராணி, இத்தனை அலைச்சலும் இதோடு போயிற்றா என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

“அதனால இனிமேல்பட்டதுக்குப் புதுசா பேசோணும்” என்றார் மருதாசலம். மடியிலிருந்த துண்டின் ஓரத்தைத் தூக்கினார். “கையைக் குடு.”

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கையைத் துண்டுக்குள் விட்டாள். அவர் ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்து அமுக்கினார். விட்டுவிட்டு ஒரு விரலைப் பிடித்தார். ஆறு நாள்.

அவள் அவருடைய இரண்டு விரல்களைப் பிடித்தாள்.

“அநியாயம்” என்று முணுமுணுத்தார். ஐந்து விரலையும் பிடித்தார், அதோடு நின்றார்.

அவள் மூன்றைப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை. கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்தார். மருதாசலம் இடது கையாலேயே பணத்தை எடுத்து நீட்டினார். வலது கை துண்டுக்குள் இருந்தது. கண்டக்டர் இருவரையும் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

சங்ககிரி வருவதற்குள் அவர் நான்கு விரல்களைப் பிடித்து ஒரு முறை குலுக்கினார். உஷாராணி பதிலுக்குக் குலுக்கினாள்.

“செவ்வாக்கெழம ஈரோட்டுக்குப் போறேன்” என்றார் மருதாசலம், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு. “பொட்டலம் ரெண்டா கட்டி வை. அந்த ஆளுகிட்ட அடுத்த ஆயிரம் டஜனுக்கு நெம்ப நேரம் உக்காந்து பேச வேண்டியிருக்குது.”