மொண்ணைக் கத்திகள்

மகா மருமகளாக வந்த வீட்டில் மூன்று கத்திகள் இருந்தன. மூன்றும் வெட்டாது. தக்காளி நசுங்கும், வெங்காயம் வழுக்கிக்கொண்டு போகும். கேட்டால் மாமியார் லட்சுமம்மா, "இருக்கறத வெச்சி சமாளிம்மா" என்று பேச்சை மாற்றிவிடுவாள்.

கன்னடம் பேசும் நகரத்தில் நீலசந்திரா பகுதி, ஒரு சந்துக்குள் மாடி வீடு. மாமனார் அப்பாதுரை தண்ணீர் டேங்கர் ஓட்டுபவர். வார நாட்களில் பேசவே மாட்டார், ஞாயிற்றுக்கிழமை குடிப்பார். அன்று மகாவைக் கூட்டிக்கொண்டு அவள் கணவன் கிரண் எங்காவது கிளம்பிவிடுவான். ஏன் என்று அவன் சொன்னதில்லை.

மகாவின் அப்பா வாணியம்பாடியில் மெஸ் நடத்தியவர். மொண்ணைக் கத்தியை அழுத்தி வெட்டும்போதுதான் கை போகும் என்பது அவள் கண்ணால் பார்த்தது. ஆன்லைனில் ஒரு சாணைக்கல் வாங்கினாள். அந்த ஞாயிறு மழை தூறியதால் அவர்கள் வெளியே போகவில்லை. லட்சுமம்மா மார்க்கெட் போயிருந்தாள். மகா கல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, வழுக்காமல் இருக்க ஈரத்துணி மேல் வைத்து, சொரசொரப்பான பக்கத்தில் கத்தியைச் சாய்த்துப் பிடித்து இழுத்தாள். சாய்வு மாறாமல் மெதுவாக இழுக்க வேண்டும். மறுபக்க விளிம்பில் பிசிறு விரலுக்கு நெருடியதும் திருப்பிப் போட்டாள். பிறகு வழவழப்பான பக்கம். கடைசியில் செய்தித்தாளில் வைத்தபோது தாள் சத்தமில்லாமல் இரண்டானது. மூன்று கத்தியையும் அப்படியே செய்தாள். பருப்பை அடுப்பில் ஏற்றினாள்.

லட்சுமம்மா திரும்பி வந்ததும் தக்காளியை மெல்லிசாக வெட்டிக் காட்டினாள். "பாருங்க அத்தை, எப்படிப் போகுது."

லட்சுமம்மாவின் முகம் வெளிறியது. பையைக் கீழே வைக்காமலே, "எல்லாத்தையுமா?" என்று கேட்டாள். இரண்டு கத்திகளை அள்ளிக்கொண்டு பாத்ரூம் பக்கம் ஓடினாள். குளியலறைப் படியின் சிமென்ட் விளிம்பில் கத்தியின் வெட்டும் பக்கத்தை வைத்துக் கரகரவென்று தேய்த்தாள்.

"அத்தை, என்ன பண்றீங்க? இப்பதான தீட்டினேன்."

"அவரு வர்றதுக்குள்ள மழுக்கணும்மா." தேய்ப்பதை நிறுத்தாமல் சொன்னாள். "குடிச்சிட்டா முதல்ல கத்தியதான் தேடுவாரு. கத்தி இல்லன்னா கல்லு, பாட்டிலுன்னு எது கெடச்சாலும் எடுப்பாரு. அதனால கத்திய எதிர்லயே வெச்சிருப்பேன். மொண்ணையா இருந்தா வீங்கும், கறுத்துப்போவும். அவ்ளோதான்." புடவைத் தலைப்பை நகர்த்தினாள். தோளுக்குக் கீழே கன்றிப்போன கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக.

 அதற்குள் கீழே கேட் திறந்தது.

அப்பாதுரை படியேறும்போதே கத்திக்கொண்டு வந்தார். சந்தாபுராவில் வீடு பார்த்து அம்மாவையும் கூட்டிப்போகக் கிரண் திட்டமிட்டிருந்தான். அதை யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள்.

"என் பொண்டாட்டிய நீ கூட்டினு போறியா? யாரக் கேட்ட?"

அறையிலிருந்து கிரண் வருவதற்குள் அவர் லட்சுமம்மாவின் கொண்டையைப் பிடித்துச் சுவரில் மோதினார். அவள் கையிலிருந்த கத்திகள் குளியலறைக்குள் எகிறின. இரண்டாவது மோதலில் அவள் புருவம் கிழிந்தது. கிரண் பின்னாலிருந்து இழுத்தான். முழங்கையால் அவன் மூக்கில் குத்திவிட்டு, அவர் சமையல் மேடைக்குப் போனார். தக்காளிக்குப் பக்கத்தில் மூன்றாவது கத்தி இருந்தது.

இத்தனை வருஷம் வீசிய பழக்கத்தில்தான் லட்சுமம்மாமேல் வீசினார். குறுக்கே வந்து மறித்த மகாவின் முன்கையில் கத்தி பட்டது. பட்டது மாதிரியே தெரியவில்லை. முதலில் வெள்ளையாக ஒரு கோடு. பிறகு தோல் வாய் திறந்து, ரத்தம் முழங்கை வழியாகக் கொட்டியது. அவளுடைய விரல்கள் தாமாகத் தொங்கின.

அப்பாதுரை ஒரு கணம் நின்றார். கத்தியைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார். மகா அப்போது நம்பினாள், இத்தோடு விட்டுவிடுவார் என்று. ஆனால் அவர் கண்களில் ஏதோ ஒன்று கிளர்ந்தது. இப்போது வெட்டுகிறது என்று தெரிந்துகொண்டு, கிரணின் வயிற்றைப் பார்த்துக் கையை ஓங்கினார்.

லட்சுமம்மா அடுப்பிலிருந்த பருப்புச் சட்டியை வெறும் கையால் தூக்கினாள். கொதிக்கும் பருப்போடு அவருடைய முகத்தில் அடித்தாள். அவர் அலறிக்கொண்டு கத்தியை விட்டார். அவள் விடவில்லை. விழுந்தவரின் கையைக் குதிகாலால் மிதித்து, எலும்பு நொறுங்குவது கேட்கும் வரை அந்தச் சட்டியாலேயே அடித்தாள். கிரண்தான் அவளைப் பிடித்து நிறுத்தினான். அறைக்குள் அவரைத் தள்ளித் தாழ் போட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் மகாவின் கையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துப் பார்த்த டாக்டர், நரம்பு அறுந்திருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். எப்படி நடந்தது என்று கேட்டார்.

மூக்கில் பஞ்சு வைத்திருந்த கிரண் முந்திக்கொண்டான். "கத்தி தீட்டிட்டிருந்தா சார். கை வழுக்கிடுச்சு."

மகா அவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"தீட்டும்போது கையின் பின்பக்கம் இப்படி வெட்டு விழ வாய்ப்பில்லையே. உங்க மூக்கு?"

"கீழ விழுந்துட்டேன்."

புருவத்தில் ரத்தம் காய்ந்துபோய், உள்ளங்கைகள் இரண்டும் கொப்புளித்துப்போய் நின்ற லட்சுமம்மா முன்னால் வந்தாள். "எம் புருஷன் வெட்டினாரு. எம் மருமகள வெட்டிட்டு, எம் பையனக் கொல்ல வந்தாரு. நான் அடிச்சேன். வீட்ல பூட்டி வெச்சிருக்கேன். போலீஸ வரச் சொல்லுங்க."

"அம்மா, சும்மா இரு," என்றான் கிரண். "அப்பா ஜெயிலுக்குப் போய்டுவாரு. நீயும்தான் மாட்டிக்குவ."

"போவட்டும். நானும் போறேன். இந்தப் பொண்ணு கை தொங்குதுடா. நீ அவ தலைலயே பழிய போடுற."

போலீஸ்காரி வந்து கன்னடத்தில் விசாரித்தாள். லட்சுமம்மா கன்னடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள், பருப்புச் சட்டியால் அடித்ததையும் சேர்த்து. சொல்லும்போது அவள் குரல் ஒருமுறைகூட உடையவில்லை. அப்பாதுரையை முகத்தில் கட்டோடு கைது செய்தார்கள். லட்சுமம்மா மீதும் வழக்குப் பதிவானது. ஆனால் அவளை அன்றே விட்டுவிட்டார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு மகாவுக்கு விழிப்பு வந்தபோது கட்டிலருகே லட்சுமம்மா உட்கார்ந்திருந்தாள்.

"நான் தீட்டாம இருந்திருந்தா..." என்று தொடங்கினாள் மகா.

"வெட்டினது நீ இல்ல. பேசாம தூங்கு."

கிரண் கதவருகே நின்றிருந்தான். உள்ளே வர அவனுக்குத் தைரியம் இல்லை. "மகா, பயத்துல சொல்லிட்டேன். சின்ன வயசுலேருந்து இப்படித்தான் சொல்லிப் பழக்கம்" என்றான். அழுதான்.

அவளுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. கோபமும் போகவில்லை. கட்டுப் போட்ட கையை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, "அந்தச் சந்தாபுரா வீட்ட நானும் அத்தையும் பாக்கறோம்" என்றாள். "நீ வர்றதப் பத்தி அப்புறம் பேசலாம்."