டத்தோவும் பாஸும் சண்டை போடாத காரணம்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. கிள்ளானிலிருந்து வரும் கொமூட்டர் ரயிலில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுடையது. "ரெண்டு குரங்கு இல்லடா, ஒண்ணுதான். டாக்டர்கிட்ட இப்ப யாரு சொல்றது?" என்றாள். அதற்குள் சுபாங் ஜெயா வந்துவிட்டது. அவளும் கூட வந்த பையனும் இறங்கிப் போய்விட்டார்கள். இப்படிப் பாதியில் விட்டுவிட்டுப் போனால் சும்மா இருக்கிற ஆளா நான்? மீதியை நானே இட்டுக்கட்டிவிட்டேன்.

அவளுக்கு ஜனகா என்று பெயர் வைத்தேன். பிரிக்பீல்ட்ஸில் வீடு, பல்கலைக்கழகத்தில் உயிரியல் துறை, கடைசி ஆண்டு. பையன் இம்ரான், கிள்ளான்காரன், அவளுடைய ஆய்வுக் கூட்டாளி.

2

முதல் தொடக்கம்: அன்று காலை வானம் இருண்டு, மழை வருமோ என்று—

(வேண்டாம். வானத்தை யார் பார்த்தார்கள்? எல்லோரும் குரங்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.)

இரண்டாவது: மனிதனும் குரங்கும் ஒரே மூதாதையிடமிருந்து—

(அட, போதும்யா. பாடப்புத்தகமா எழுதுகிறோம்?)

மூன்றாவது: ஜனகா சந்தோஷமாக இருந்தாள்.

இது நிற்கும். ஏனென்றால் அது உண்மை. தினமும் காலையில் கேன்டீன் படியில் உட்கார்ந்து, வளாகத்துக் குரங்குக் கூட்டம் ஒன்றைக் கவனித்துக் குறிப்பெடுப்பது அவள் வேலை. அதைவிட நல்ல வேலை உலகத்தில் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. கூட்டத்தின் தலைவனுக்கு, பெரிய மனிதர்களுக்கு அரண்மனை கொடுக்கும் பட்டமான 'டத்தோ'வையே பெயராக வைத்தாள். இடது காது கிழிந்திருக்கும், நடையில் அப்படி ஒரு பந்தா. மாலையில் மாணவர் விடுதிப் பக்கம் வேறொரு கூட்டத்தை இம்ரான் கவனித்தான். அங்கே தலைவன் பெயர் 'பாஸ்'. வலது கன்னத்தில் வெள்ளைத் தழும்பு.

இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் ஆய்வுக்கூடக் குப்பைத்தொட்டி. டத்தோவும் அங்கே வருவார், பாஸும் வருவார். ஆனால் ஒரு நாள்கூடச் சண்டை வந்ததில்லை. இரண்டு ஆண் தலைவர்கள் ஒரே தொட்டியை விட்டுக்கொடுத்துப் பங்கிட்டுக்கொள்வதா! துறையே ஆடிப்போனது.

3

இங்கே டாக்டர் வசுந்தரா வரவேண்டும். அவர்தான் இவர்களின் வழிகாட்டி. ஒருவர் பார்த்தது இன்னொருவர் கண்ணைக் கெடுத்துவிடும் என்பது அவர் கட்சி. அதனால் கடைசிவரை இருவரும் ஒருவர் படத்தை மற்றவர் பார்க்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இந்தக் கண்டுபிடிப்பை நம்பித்தான் முதுகலை ஆய்வுக்குத் தன்னிடம் இருந்த ஒரே இடத்தை ஜனகாவுக்குத் தருவதாகவும் சொல்லியிருந்தார்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: முதல் வரைவில் இரண்டு டாக்டர்கள் இருந்தார்கள். காலையில் எரிந்து விழுகிற குணபூசணி, மாலையில் தேநீர் வாங்கிக் கொடுக்கிற வசுந்தரா. என் மனைவி குமுதா படித்துவிட்டு, "ஏங்க, இவங்க ரெண்டு பேரும் ஒரு இடத்துலகூடச் சேர்ந்து வரலையே?" என்றாள். அசடு வழிந்தேன். குணபூசணியைப் பேனாவால் அடித்துவிட்டு, கோபத்தையும் தேநீரையும் வசுந்தராவுக்கே கொடுத்துவிட்டேன்.)

4

ஆய்வை மேடையில் சொல்லி மதிப்பெண் வாங்கும் கருத்தரங்கு மத்தியானம். வெளிப் பல்கலைக்கழகங்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அன்று காலை கேன்டீனில் ஜனகா நாசி லெமாக், அதுதான் தேங்காய்ப்பால் சோறு, பொட்டலத்தைப் பிரித்தாள். டத்தோ பாய்ந்து வந்து பிடுங்கினார். அவள் கைப்பேசியை நீட்டிப் படம் எடுத்தாள். முதல்முறையாக அவர் நேருக்கு நேர் முகம் காட்டினார்.

கருத்தரங்குக்காக அன்று காலையிலேயே வந்து எதிரில் இருந்த இம்ரான் எட்டிப் பார்த்தான். "ஏய், நம்ம பாஸ் இங்க என்னா பண்றாரு?"

"பாஸா? இது டத்தோடா. காதைப் பாரு."

"நீ கன்னத்தைப் பாரு லா."

இருவரும் பார்த்தார்கள். இடது காதில் கிழிசல், வலது கன்னத்தில் தழும்பு. காலையில் கேன்டீன் கம்பியில் உட்காரும்போது அவருடைய இடப்பக்கம்தான் தெரியும். மாலையில் விடுதிச் சுவரில் வலப்பக்கம். இத்தனை மாதமும் ஆளுக்குப் பாதிக் குரங்கைப் பார்த்திருக்கிறார்கள்.

"அதான் சண்டையே வரல," என்றாள் ஜனகா.

5

முடிவு அ: மறைத்துவிடுகிறாள். இடம் கிடைக்கிறது. எழுதிப் பார்த்தேன், நன்றாகத்தான் வந்தது. ஆனால் அந்த மூன்று பக்கத்திலும் ஜனகா ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. கிழித்துப் போட்டேன்.

முடிவு ஆ: சரியான நேரத்தில் காட்டிலிருந்து உண்மையாகவே இரண்டாவது குரங்கு ஒன்று வந்து— (இதையும் எழுதினேன். வெட்கக்கேடு.)

ஜனகா என்னை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. இம்ரானிடம் திரும்பினாள். "மார்க் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். நான் சொன்னா நீயும் சேர்ந்து மாட்டிக்குவடா."

இம்ரானுக்கும் வீட்டில் அம்மா அப்பா இருக்கிறார்கள், எதிர்பார்த்துக்கொண்டு.

"சொல்லிடு லா. இல்லாத குரங்குக்கு மார்க் வாங்கிட்டு நான் எப்படி அந்தப் பக்கம் நடக்குறது?"

அவனை எனக்கு அந்த இடத்தில் ரொம்பப் பிடித்துப்போனது.

6

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் டாக்டர் வசுந்தரா, பட்டுப்புடவையில், மதிப்பெண் தாளோடு. வந்திருப்பது காலை வசுந்தராவா, மாலை வசுந்தராவா? நேரமோ நடு மத்தியானம்.

ஜனகா ஒலிவாங்கியைப் பிடித்தாள். "எங்க கண்டுபிடிப்பு தப்புங்க டாக்டர். டத்தோவும் பாஸும் ஒரே குரங்குதான்." அந்தப் படத்தைத் திரையில் போட்டாள்.

மண்டபம் கொல்லென்று சிரித்தது. விருந்தாளிகளும் சிரித்தார்கள். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. படத்தையே பார்த்தார். முகம் சிவந்து, பிறகு மெல்ல வேறு மாதிரி ஆனது.

"அப்ப ஒரே ஆண், காலையில ஒரு கூட்டத்துக்குத் தலைவன், சாயங்காலம் இன்னொரு கூட்டத்துக்குத் தலைவனா?"

"ஆமாங்க டாக்டர்."

"ரெண்டு கூட்டமும் இதை எப்படிம்மா ஒத்துக்குது?"

ஜனகா யோசித்தாள். "தெரியல டாக்டர்."

"எனக்கும் தெரியல," என்றார் வசுந்தரா. மண்டபத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. ஜனகாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கேன்டீன் படிக்கு உடனே ஓடிப்போய் உட்காரவேண்டும் போலிருந்தது.

7

டாக்டர் பேனாவைத் திறந்து மதிப்பெண் தாளைப் பிரித்துவிட்டார். குமுதா முழு மதிப்பெண் போடச் சொல்கிறாள். என்னால் முடியவில்லை. ஒரே குரங்கை இரண்டாக எண்ணியது எண்ணியதுதானே? ஆனால் குறைத்துப் போடவும் கை வரவில்லை. அந்தக் கேள்வி அவர்களால்தானே பிறந்தது?

அதனால் பேனாவை உங்களிடம் தருகிறேன். நன்றாக யோசித்துப் போடுங்கள். நீங்கள் ஜனகாவுக்குப் போடுவதுதான் இம்ரானுக்கும்.