பாத்தித் தண்ணீர்

சூர்யகலாவுக்கு மறுபடியும் வெள்ளைப்பட்டது. அரிப்பென்றால் அப்படியோர் அரிப்பு. உப்பளத்தில் கூடை சுமந்து நடக்கையில் தொடை உரசினாலே கண்ணில் நீர் முட்டிவிடும். மாத்திரை தின்றால் அடங்கும், கொஞ்ச நாளில் திரும்பி வரும்.

பிள்ளைகள் அறிவழகனையும் தமிழ்நிலாவையும் சுனாமி கொண்டுபோய் ஏழு மாதம். சின்னவள் பிறந்த கையோடு குடும்பக்கட்டுப்பாடு செய்துகொண்டவள் அவள். பிள்ளை பறிகொடுத்த தாய்மாருக்குக் வெட்டிய கருக்குழாயைத் திரும்பச் சேர்த்துவிடுகிறார்களென்று கேள்விப்பட்டு, புருஷன் அர்ச்சுனன் அலையாய் அலைந்து ஆபரேஷனுக்குத் தேதி வாங்கினான். புண் ஆறட்டும் என்று டாக்டரம்மா இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார். மூன்றாவது தேதி வருகிற வெள்ளிக்கிழமை.

ஊர் நர்சு கிருபா பார்த்துவிட்டு முகம் சுளித்தாள். "தோலே உரிஞ்சி கெடக்குது. இன்னாத்துல கழுவற?"

"பாத்தித் தண்ணியிலக்கா. உப்பு பூக்குமே, அந்தத் தண்ணி."

"அடிப்பாவி, ஏன்டி?"

"மீனே உப்புல கெடாம கருவாடா நிக்குது. இதுவும் ஆறிடும்னுதான்."

"நீ இன்னா கருவாடா?" கிருபாவுக்குச் சிரிப்பு வந்தது, அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. "இனிமே வெறும் நல்ல தண்ணிதான். ஆனா கழுவறதுக்கு முன்னாடியே வந்துச்சில்ல? தூங்கறியா?"

"இல்லக்கா."

"சோறு?"

சூர்யகலா தலையைக் குனிந்துகொண்டாள்.

"மனசு நொந்துகினே இருந்தா உடம்புல எதிர்ப்பு கொறைஞ்சிடும்மா. அங்க காவலுக்கு இருக்கற நல்ல கிருமி போயி கெட்டது ஏறிக்கும். அது ஒண்ணுதான் காரணம்னு சொல்லல. அதுவும் ஒண்ணு. எப்பெப்ப திரும்புது?"

யோசித்துப் பார்த்தாள். "தேதி குடுத்தா வந்துடுதுக்கா."

கிருபா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் சூர்யகலாவுக்கு வாய் திறந்தது.

"எங்க வூட்டுக்காரரு, பொண்ணு பொறந்தா தமிழ்நிலான்னே வைக்கலாம், அதுவே திரும்பி வருதுன்றாரு. அப்ப எம் பொண்ணு எங்கக்கா போவும்?"

"இத அவருகிட்ட சொன்னியா?"

"எப்படிக்கா சொல்றது? அந்த ஒரு பேச்சுலதான் அவரு உசிரோட இருக்காரு."

வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி அர்ச்சுனன் நின்றிருந்தான். "இன்னா சொன்னாங்க? வெள்ளிக்கெழம போலாமா?"

"வேணாங்க."

"அடுத்த மாசமா?"

"இப்ப வேணாங்க. எனக்கு அதுங்க ரெண்டுமே இன்னும் மனச வுட்டுப் போவல."

அவன் சண்டை போடுவான் என்று நினைத்திருந்தாள். போடவில்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு மணலில் உட்கார்ந்தான். "அப்ப நாம ரெண்டு பேருதானா?" என்றான்.

சூர்யகலா அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.