மூடியைத் திறந்தால் ஓடும்

1

"தாத்தா, மிஷினுக்கு மூச்சு முட்டுமா?"

திருக்கோகர்ணத்தில் எங்கள் தெருவுக்கு வந்த போர்வெல் வண்டியைப் பார்த்துப் பக்கத்து வீட்டு உமா கேட்டாள். முட்டாது என்று சொல்லிவிட்டேன். தவறான பதில். அதைத் திருத்தத்தான் இந்தக் கதை.

முதல் தொடக்கம்: அன்னவாசல் செம்மண்ணில் வெயில் காய்ந்து...

(வேண்டாம். வெயிலுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.)

இரண்டாவது: ஆயுத பூசை முடிந்த நான்காம் நாள், அன்னவாசல் பக்கம் ஒரு தோட்டத்தில், இருநூறு அடி இறங்கிய பிறகு வண்டி திக்கத் தொடங்கியது.

இது போதும்.

2

துளைபோடும் கம்பியைச் சுழற்றுகிற மோட்டார் எண்ணெயின் அழுத்தத்தில் ஓடுவது. எண்ணெய் சீராக வராவிட்டால் வேகம் எகிறும், தணியும், நிற்கும். அதைத்தான் திக்குது என்பார்கள்.

வண்டியை இயக்கியவர் அருள்தாஸ். முதலாளி வயிரவன்.

"ஆயில மாத்துனியா, இல்ல பழசையே ஊத்தி வச்சிருக்கியா?"

"புதுசுதாண்ணே. மாதா மேல சத்தியமா."

"மாதாவ ஏன் இழுக்குற? மத்தியானத்துக்குள்ள ஓடலன்னா நாளையிலேருந்து நீ வேற வண்டி பாத்துக்க."

(வயிரவனை முதலில் கெட்டவராக எழுதினேன். மோட்டார் நின்று கம்பி உள்ளே சிக்கினால் குழியோடு போய்விடும். பயந்த மனிதர் அப்படித்தான் பேசுவார். கெட்டவரை அடித்துவிட்டேன்.)

3

மெக்கானிக் முனியசாமி வந்தார். டேங்க் மூடியைத் திறந்து எண்ணெயைப் பார்த்தார். மோட்டார் சீராக ஓடியது. மூடினார். பத்து நிமிடத்தில் திக்கியது. மறுபடி திறந்தார். ஓடியது.

"மூடுனா ஏங்குது, தெறந்தா சிரிக்குது. என்னண்ணே, ஒங்க வண்டிக்குக் காத்து வாங்கணுமாம்."

"ஒனக்கு இப்பத்தான் காமெடியா?"

"ரெண்டு பேரும் அங்கிட்டு போயி டீ குடிச்சிட்டு வாங்க. பாத்து வைக்கிறேன்."

போனார்கள். முனியசாமி மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தார். கம்பியை இறக்க இறக்க டேங்கில் எண்ணெய் குறையும். குறைந்த இடத்துக்குக் காற்று போனால்தான் எண்ணெய் சீராக வரும்; அதற்காக மூடியில் சிறு துளை இருக்கும். அதன்மேல் விரல் கனத்துக்குச் சந்தனம் காய்ந்திருந்தது. நடுவில் குங்குமம்.*

* பூசையன்று வயிரவன் ஊரில் இல்லை. "பொட்டு வச்சிரு" என்று போனில் சொன்னார். அருள்தாஸுக்கு அளவு தெரியாது. அடுத்தவர் சாமிக்குக் குறை வைக்கக் கூடாது என்று, வட்டமாக இருந்த எல்லாவற்றிலும் அப்பினார்.

4

முடிவு அ: முனியசாமி நடந்ததை அப்படியே சொல்கிறார். வயிரவன் சிரிக்கலாம். சிரிக்காமலும் போகலாம்; அன்று அவர் இருந்த நிலையில்...

முடிவு ஆ: பம்பு தேய்ந்துவிட்டது என்கிறார். நல்ல மனிதரைப் பொய் சொல்லவைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று இருக்கிறது. மூன்று வருடங்களுக்கு முன் குளத்தூரில் முனியசாமி முறுக்க மறந்த ஒரு குழாய் பிய்த்துக்கொண்டது. "நாந்தாண்ணே பிரஷரக் கூட்டிட்டேன்" என்று பழியை ஏற்றவர் அருள்தாஸ். அதைப் பற்றி இருவரும் இதுவரை பேசியதில்லை.

முனியசாமி மூடியை டீசலில் ஊறவைத்தார். மெல்லிய கம்பியால் துளையைக் குத்தினார். மஞ்சளாகக் கலங்கிய டீசலை ஒரு டப்பாவில் ஊற்றித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். மூடியைப் போட்டு இறுக்கி ஓடவிட்டார். அரை மணி நேரம் ஒரே சீர்.

திரும்பி வருகிறவர்களுக்குச் சொல்ல இரண்டே வாக்கியம் வைத்திருக்கிறார்: "காத்துத் தொளை அடைச்சிருந்துச்சு. ஆயில் புதுசுதான், சுத்தமா இருக்கு." இரண்டும் உண்மை. எதனால் அடைத்தது என்று வயிரவன் கேட்டால் என்ன சொல்வார் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். டப்பா அவர் பையில் இருக்கிறது. நான் பார்க்கவில்லை, அப்போது நானும் டீக்கடையில் இருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.